விண்ணப்பமே நுழைவுத் தேர்வாகும்போது

தொழிற்கல்விப் படிப்புகளுக்கென்று தமிழ்நாடு தனியாக நடத்திவந்த நுழைவுத் தேர்வு 1984இல் தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து, 2007இல் சட்டத்தின் மூலம் ஒழிந்தது. அதை ஒழிக்கச் சொன்னவர்களின் வாதம் இன்றும் நினைவில் வைக்கத் தக்கது. பிள்ளை பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் படித்ததை அந்தத் தேர்வு அளக்கவில்லை. பயிற்சி மையத்தில் சில வாரம் உட்கார்ந்ததை அளந்தது. பயிற்சி மையங்கள் இருந்ததோ பெரிய ஊர்களில். ஆகவே ஊரும் காசும்தான் அங்கே மதிப்பெண் பெற்றன என்றார்கள். இந்த வாதத்தை ஏற்றுத்தான் மாநிலம் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டுமே அளவுகோலாக்கியது. மருத்துவத்தில் நீட் வந்து அந்த ஏற்பாட்டைக் கலைத்தது வேறு கதை. பொறியியலுக்கும் கலை அறிவியல் படிப்புகளுக்கும் இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. ஆனால் தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பார்த்தால், ஒழித்த தேர்வு வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. விண்ணப்பிப்பதே இப்போது ஒரு நுழைவுத் தேர்வு. எந்த இணையதளம், எந்தத் தேதி, எந்தச் சான்றிதழ், எந்த வரிசையில் கல்லூரிகளைக் குறிப்பது என்பதெல்லாம் அதன் கேள்விகள். இதற்கும் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி, வீட்டில் ஏற்கெனவே கல்லூரி போய் வந்தவர் இருக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைக்கிறது. மற்றவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்தச் சுமையைக் குடும்பத்தின் தலையிலிருந்து இறக்கிப் பள்ளியும் அரசும் சுமக்க வேண்டும் என்பதே என் முடிவு.

திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசியில், 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 14 லட்சம் பேர். செங்கோட்டையிலும் குற்றாலத்திலும் சாரல், சங்கரன்கோவில் பக்கம் கரிசல், ஆலங்குளம் கடையம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் பெண்கள், புளியங்குடியில் எலுமிச்சை, சங்கரன்கோவிலில் விசைத்தறி என்று பிழைப்பு பல விதம். பெரும்பாலான குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் என்பது கிடையாது. வாரக் கூலியும் விளைச்சல் காசும்தான். உயர்கல்வி நெடுங்காலம் பெரும்பாலும் பாளையங்கோட்டையில்தான் இருந்தது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1878இல், பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895இல், செயின்ட் சேவியர் கல்லூரி 1923இல் அங்கே வந்தன. தென்காசிப் பக்கத்துப் பெண் பட்டம் படிக்க வேண்டுமானால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய் விடுதியில் தங்க வேண்டும். எத்தனை வீடுகள் அதற்குச் சம்மதித்திருக்கும்? 1964இல் குற்றாலநாதசுவாமி கோயிலின் நிர்வாகத்தில் குற்றாலத்திலேயே ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கியபோது அந்தத் தடை ஒரேயடியாகக் குறைந்தது. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம் என்றானதும், பெற்றோரின் மனம் மாறக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. தடை எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் அதை எடுப்பது என்ற அந்த அணுகுமுறைதான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

தூரம் என்ற தடை இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. சுரண்டையில் காமராஜர் அரசு கலைக் கல்லூரி, கடையநல்லூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி, ஆலங்குளத்தில் அரசு மகளிர் கல்லூரி, திருநெல்வேலி சாலையில் அபிஷேகப்பட்டியில் 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். காசு என்ற தடையையும் மாநிலம் பல பக்கம் உடைத்திருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் கல்லூரி போகும் பெண்களுக்கும் பையன்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22இன்படி உயர்கல்வி சேர்க்கை விகிதம் தேசிய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் இத்தனை கதவுகளையும் திறந்த அரசு, ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனிப் பூட்டும் தனித்தனி நேரமும் வைத்துவிட்டது.

பிளஸ் டூ தேர்வு முடிவு மே முதல் பத்து நாளுக்குள் வந்துவிடுகிறது. 2023இலும் 2025இலும் மே 8, 2024இல் மே 6. அன்றிலிருந்து பிள்ளை எத்தனை இடங்களில் விண்ணப்பிக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஓர் இணையதளம். பொறியியலுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இன்னோர் இணையதளம். வேளாண்மைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவத்துக்கு ஒரு பல்கலைக்கழகம், சட்டத்துக்கு ஒன்று என்று தனித்தனி விண்ணப்பம். நர்சிங்கும் பிற துணை மருத்துவப் படிப்புகளும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவிடம். பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் தனி. பராசக்தி கல்லூரி போன்ற உதவிபெறும் கல்லூரிகள் தாமே விண்ணப்பம் பெறுகின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் கியூட் தேர்வு. அதற்கான விண்ணப்பத் தேதி பிளஸ் டூ முடிவுக்கு முன்பே முடிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு 50 ரூபாய்தான், பட்டியலினப் பிள்ளைகளுக்கு 2 ரூபாய். பொறியியலுக்கு 500, பட்டியலினத்தவருக்கு 250. தனித்தனியே பார்த்தால் சிறிய தொகைகள். நாலைந்து விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் நெட் சென்டர் செலவு, பஸ் செலவு, வேலைக்குப் போகாத நாளின் கூலி என்று சேரும்போது அது சிறிய தொகையாக இருப்பதில்லை.

தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தாததுதான் பெரிய சிக்கல். அரசு கலைக் கல்லூரிகளின் கலந்தாய்வு ஜூனில் நடக்கிறது. 2024இல் ஜூலை முதல் வாரமே வகுப்பு ஆரம்பித்துவிட்டது. அதே ஆண்டு பொறியியல் பொதுப் பிரிவுக் கலந்தாய்வு தொடங்கியதோ ஜூலை 29. மருத்துவமும் அதைச் சார்ந்த படிப்புகளும் அதற்கும் பின்னால். நடுத்தரமான கட் ஆஃப் வைத்திருக்கும் பிள்ளை ஜூனில் சுரண்டைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இடத்தை எடுப்பதா, இல்லை பொறியியலுக்குக் காத்திருப்பதா? எடுத்தால் டி.சி.யைக் கொடுக்க வேண்டும், கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும் பிற கட்டணம் கட்ட வேண்டும். எடுக்காமல் விட்டு, ஆகஸ்டில் பொறியியலும் சரியாக அமையாவிட்டால் ஒரு வருடம் போயிற்று. வசதியுள்ள குடும்பம் ஓர் இடத்துக்குப் பணம் கட்டி வைத்துக்கொண்டு இன்னோர் இடத்துக்குக் காத்திருக்கும். கூலிக் குடும்பத்தால் முடியாது. இதற்கு விதி இல்லாமல் இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்தது. 2024-25ஆம் ஆண்டுக்கு, செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியையும் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னது. இப்படி ஒரு விதி இருக்கிறது என்பதே தெரியாமல் பயந்து ஒதுங்குபவர்களுக்கு அந்த விதியால் என்ன பயன்?

சான்றிதழ்களைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் தடுக்கி விழுவது அங்கேதான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய நான்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறுபவை. விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று மேசை மேசையாக நகரும். மே, ஜூனில் மாவட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்பதால் அந்த மேசைகளில் நெரிசல். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்று காட்ட வேண்டும், அண்ணனின் டி.சி. தொலைந்திருந்தால் அங்கேயே நிற்கும். மாநில அரசின் பிற்பட்டோர் சான்றிதழ் வேறு, மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. பின்னதற்கு ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம், அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, வைத்திருக்கும் சாதிச் சான்றிதழையே பதிவேற்றும் பிள்ளை மத்திய ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவுக்குப் போய்விடும். பெயர் இன்னொரு தொல்லை. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால். 'லட்சுமி'க்கு ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஓர் எழுத்துக் கூட்டல், இன்னோரிடத்தில் வேறு. கடையநல்லூரில் ஒரே குடும்பத்தில் 'செய்யது' ஓர் ஆவணத்திலும் 'சையது' இன்னோர் ஆவணத்திலும் இருக்கலாம். இவற்றைப் பத்தாம் வகுப்பிலேயே கவனித்துத் திருத்தினால் எளிது. பிளஸ் டூ முடிவு வந்தபின் திருத்தக் கிளம்பினால் ஒரு மாதம் காணாமல் போகும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் உதவித்தொகையைச் சொல்லியாக வேண்டும். பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத் துறை உதவித்தொகை தருகிறது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய், பட்டப் படிப்புக்கும் பாலிடெக்னிக்குக்கும் 6,000, தொழிற்கல்விக்கு 25,000. ஆலங்குளத்துப் பெண் ஒருத்திக்கு இந்த 25,000 என்பது விடுதிச் செலவில் பெரும்பகுதி. ஆனால் தாயாரிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால்தான் கேட்க முடியும். ஒப்பந்தக்காரர் மூலம் இலையும் தூளும் வாங்கி வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களில் அட்டையே இல்லாதவர்கள் உண்டு. ஒருவர் பெயரிலுள்ள கணக்கில் வீட்டில் இரண்டு மூன்று பேர் சுற்றுவதும் உண்டு. விண்ணப்பிக்க வேண்டியது தேசிய உதவித்தொகை இணையதளத்தில்; கல்லூரி அதை அங்கேயே சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். எந்தப் பிள்ளையின் தாய் பீடி சுற்றுகிறார் என்று கல்லூரிக்குத் தெரியாது. பள்ளி ஆசிரியருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவர் கையில் பொறுப்பு இல்லை, பொறுப்பு உள்ளவருக்குத் தெரிவதில்லை. இந்த இடைவெளி உதவித்தொகையில் மட்டும் இல்லை.

பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங் இன்னும் நுட்பமானது. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் தலா ஐம்பதுக்கு என்று இருநூற்றுக்குக் கட் ஆஃப் வருகிறது; அதன்படி தரவரிசை. உங்கள் முறை வரும்போது, நீங்கள் எழுதிய பட்டியலில் மேலிருந்து கீழே வந்து, எது காலியாக இருக்கிறதோ அதைக் கணினி தரும். இந்த முறையில் எத்தனை கல்லூரி எழுதினாலும் இழப்பில்லை. கிடைக்காது என்று தோன்றுவதை மேலே எழுதினாலும் கீழே உள்ள வாய்ப்பு கெடாது. ஆசைப்படும் வரிசையிலேயே எழுதுவதுதான் எப்போதும் நல்லது. இந்த ஒற்றை உண்மை தெரியாததால், "நமக்கு இது கிடைக்காது" என்று திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியையும் அண்ணா பல்கலைக்கழக வளாகங்களையும் விட்டுவிட்டு, கேள்விப்பட்ட பக்கத்துத் தனியார் கல்லூரியை முதலில் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதலில் எழுதியது கிடைத்துவிடும். அதற்குமேல் எதுவும் வராது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுக்கொண்டு சேருகிறேன், ஏற்றுக்கொண்டு மேலே கிடைத்தால் மாறுகிறேன், வேண்டாம் ஆனால் மேலே கிடைத்தால் வருகிறேன் என்பன போன்ற தெரிவுகளில் ஒன்றைச் சில நாட்களுக்குள் உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இடம் போய்விடும். கையில் ஒரே ஒரு கைபேசி இருக்கும் வீட்டில், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போகும் வீட்டில், அந்தச் சில நாள் என்பது மிகக் குறுகிய அவகாசம்.

இதற்கெல்லாம் முன்பே முடிவாகிவிடும் விஷயங்களும் உண்டு. பதினோராம் வகுப்பில் எந்த குரூப் எடுத்தோம் என்பது பாதிக் கதவுகளை அடைத்துவிடுகிறது. வணிகவியல் எடுத்த பிள்ளைக்குப் பொறியியல் இல்லை, நர்சிங்குக்கு உயிரியல் வேண்டும். ஊர்ப் பள்ளியில் இருக்கும் குரூப்பைத்தான் எடுக்க முடிகிறது என்பதால், பல பிள்ளைகளுக்கு ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருப்பதும் இல்லாததும் கல்லூரிப் படிப்பைத் தீர்மானிக்கிறது. 7.5 சதவீத ஒதுக்கீடு கணக்குப் பார்ப்பதோ ஆறாம் வகுப்பிலிருந்து. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு விலக்கு உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டுவரை படித்தவருக்குக் கிடையாது. பழைய திருநெல்வேலி மாவட்டம் மிஷன் பள்ளிகளும் சமூகச் சங்கங்கள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளும் நிறைந்த பூமி. பல ஊர்களில் பக்கத்திலிருக்கும் நடுநிலைப் பள்ளியே உதவிபெறும் பள்ளிதான். அங்கே படித்த கூலித் தொழிலாளியின் மகளுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. புதுமைப் பெண் திட்டமும் முதலில் இப்படி அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024-25 முதல் நீட்டினார்கள். ஒதுக்கீட்டிலும் அதே திருத்தம் வர வேண்டும். அரசுப் பள்ளியின் பங்கு குறைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. உதவிபெறும் பள்ளிக்குத் தனியாக ஒரு சிறு பங்கு ஒதுக்கி அதைத் தீர்க்கலாம்.

என் வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு, இணையவழிச் சேர்க்கை நிலைமையை மேம்படுத்தியிருக்கிறது என்பது. உண்மைதான். 2018க்கு முன் பொறியியல் கலந்தாய்வுக்கு ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோரோடு சென்னைக்குப் போக வேண்டும். செங்கோட்டையில் பொதிகை ரயில் ஏறி, இரவெல்லாம் பயணம் செய்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரைக்கு முன்னால் சில நிமிடங்களில் வாழ்க்கையை முடிவுசெய்ய வேண்டும். அந்த அலைச்சலை ஒழித்தது நல்ல காரியம். ஆனால் அந்தக் கூடத்தில் கேள்வி கேட்க ஓர் அலுவலர் இருந்தார். இணையத்தில் அந்த ஆளும் போய்விட்டார். அவர் இடத்தை இப்போது நிரப்புபவர் யார் என்று பார்க்க வேண்டும். நெட் சென்டர்க்காரர் உதவுகிறார், பல சமயம் நல்ல மனத்தோடு. ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது விண்ணப்பம் அடிக்கிறவர் ஒவ்வொரு பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு வரிசைப்படுத்த முடியாது. தவறு நேர்ந்தால் பொறுப்பும் அவருடையதல்ல. அடுத்து வருபவர் தரகர். தேர்வு முடிவு வருமுன்பே பிள்ளையின் வீட்டுக்கு அழைப்பு வருகிறது. சான்றிதழ் வேலை எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வண்டி அனுப்புகிறோம், கல்லூரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறார்கள். அண்டை மாநில நர்சிங் கல்லூரிகளுக்கு ஆள் சேர்ப்பவர்களும் இதில் உண்டு. ஒரு பிள்ளை சேர்ந்தால் இவ்வளவு என்று அவருக்குக் கணக்கு. கசப்பான உண்மை, கிராமத்துக் குடும்பத்துக்கு வாசல் தேடிவந்து முழு உதவியும் செய்யும் ஒரே ஆள் பல நேரம் இவர்தான். அவரைக் குற்றம் சொல்லி முடித்துவிடுவதில் பயனில்லை. அவர் செய்யும் வேலை தேவையான வேலை. அதைத் தரகு வாங்காத ஒருவர் செய்ய வேண்டும்.

இரண்டாவது மறுப்பு எண்ணிக்கை சார்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் பொறியியலில் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. இடத்துக்குப் பஞ்சமில்லாதபோது சேர்க்கை எப்படித் தடையாகும் என்று கேட்கலாம். காலி இடங்கள் எங்கே இருக்கின்றன என்பதுதான் கேள்வி. அரசுக் கல்லூரிகளும் நல்ல பெயருள்ள உதவிபெறும் கல்லூரிகளும் முதல் சுற்றுகளிலேயே நிரம்பிவிடும். கடைசியில் மிஞ்சுபவற்றில் ஆசிரியரும் ஆய்வகமும் போதாத கல்லூரிகள் உண்டு. ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. அண்ணா பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. எந்தக் கல்லூரி எப்படி என்று அறிய வழி இல்லாமல் இல்லை. கல்லூரி வாரியான தேர்ச்சி விகிதத்தை அதே பல்கலைக்கழகம் இணையத்தில் வெளியிடுகிறது. பஸ்ஸும் கட்டடமும் பார்த்து முடிவுசெய்யும் பெற்றோரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி விளக்கும் ஆள்தான் இல்லை. தாமதமாக வருகிறவருக்கும் தவறாக வரிசைப்படுத்துகிறவருக்கும் இந்த மிச்சம்தான் கிடைக்கிறது. நான்கு ஆண்டும் வங்கிக் கடனும் அதில் போகின்றன.

விழிப்புணர்வு ஏற்படுத்தினால் போதும் என்பது மூன்றாவது வாதம். மாநில அரசின் நான் முதல்வன் திட்டமும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் 2022 முதல் இந்த நோக்கத்தோடுதான் நடக்கின்றன. பள்ளிகளில் உயர்கல்வி பற்றிய பேச்சே இல்லாதிருந்த நிலையை அவை மாற்றியிருக்கின்றன. ஆனால் தகவல் சொல்வதும் காரியத்தை முடித்துக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் டெர்ரி லாங் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் குறைந்த குடும்பங்கள் வரிக் கணக்கு எழுத வரும் அலுவலகங்களிலேயே ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்தார்கள். நிரப்பிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்த விகிதம் 8 சதவீதப் புள்ளி கூடியது. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. அந்த நாட்டு விண்ணப்பமும் நம் விண்ணப்பமும் வேறுவேறுதான். ஆனால் அரங்கத்தில் ஐநூறு பிள்ளைகளைக் கூட்டிப் பேசுவதைவிட, ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை முடிப்பது பயன்தரும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

தென்காசியில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது நான்காவதாக ஒரு மறுப்பு நிச்சயம் வரும்: கல்லூரியே எதற்கு? தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011 முதல் இயங்குகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலையும் தருகிறது அதன் பள்ளி. ஜோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு பட்டத்தின் மதிப்பைக் கேள்வி கேட்டுத் தொடர்ந்து பேசிவருகிறார். சிறிய ஊர்ப் பிள்ளைகளின் திறமைமீது வைத்த அந்த நம்பிக்கை பாராட்டுக்குரியது. அது பல குடும்பங்களை உயர்த்தியும் இருக்கிறது. ஆயினும் ஆண்டுதோறும் பிளஸ் டூ முடிக்கும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்த ஒரு வாசல் போதாது. குரூப் 1, குரூப் 2 தேர்வுகள், பட்டதாரி ஆசிரியர் பணி, வங்கி அதிகாரி பணி எல்லாம் பட்டம் கேட்கின்றன. பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு: கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது கல்யாணப் பேச்சை மூன்று ஆண்டு தள்ளிவைக்கும் காரணம். பட்டம் வேண்டாம் என்று தெரிந்து விலகுவது ஒருவரின் உரிமை. சான்றிதழ் வரத் தாமதமானதால் விலகுவது உரிமையல்ல, இழப்பு.

பதினேழு வயதுப் பிள்ளை ஒரு படிவத்தைக்கூட நிரப்பத் தெரியாமல் கல்லூரியில் என்ன சாதிக்கும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நகரத்துப் பிள்ளைகள் தாமாகவா நிரப்புகிறார்கள்? அப்பாவும் அக்காவும் பள்ளியின் ஆலோசகரும் நிரப்புகிறார்கள்.

ஒரே விண்ணப்பம் சாத்தியமில்லாத கனவல்ல. இலங்கையில் உயர்தரத் தேர்வு எழுதிய மாணவர் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குச் செய்வது ஒரே விண்ணப்பம்தான்; யாழ்ப்பாணத்து மருத்துவ பீடமானாலும் பேராதனைப் பொறியியல் பீடமானாலும், விருப்ப வரிசையை ஒரே இடத்தில் எழுதினால், தேர்வு மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் பார்த்து மானியங்கள் ஆணைக்குழு இடம் தருகிறது. அங்கே இடங்கள் மிகக் குறைவு, காத்திருப்பும் நீளம். அந்தக் குறைகளை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. பிரிட்டனிலும் யூகாஸ் என்ற ஒரே அமைப்பின் வழியே ஐந்து தெரிவுகள்வரை விண்ணப்பிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவரின் பெயரும் மதிப்பெண்ணும் படித்த பள்ளிகளும் ஏற்கெனவே எமிஸ் என்ற அரசுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் அரசே வழங்குபவை. தன்னிடமே இருக்கும் தாள்களை ஒரு துறையில் வாங்கி இன்னொரு துறையில் கொடுக்கும்படி பிள்ளையை அலையவிடுவதற்கு நியாயம் இல்லை. பல்கலைக்கழகங்களின் தன்னாட்சி பாதிக்கும் என்பார்கள். தகுதியையும் தரவரிசையையும் அவையே முடிவுசெய்யட்டும். விண்ணப்பப் படிவமும் தேதியும் ஒன்றாவதால் எந்தத் தன்னாட்சியும் குறையாது.

அது வர ஆண்டுகள் ஆகலாம். மாவட்ட அளவில் இப்போதே செய்யக்கூடியது இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் ஒவ்வொரு பள்ளியிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி சரிபார்ப்பு. பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், தாசில்தார் மேசை காலியாக இருக்கும் ஜனவரியில், பள்ளி வளாகத்திலேயே சான்றிதழ் முகாம். பீடித் தொழிலாளர் அட்டை இல்லாத தாய்மாருக்கும் அதே முகாமில் விண்ணப்பம். இதை ஆசிரியர் தலையில் மட்டும் கட்ட முடியாது என்ற குரல் நியாயமானது. தேர்வுப் பணியும் பதிவேற்றப் பணியும் அவர்களை ஏற்கெனவே அழுத்துகின்றன. அதற்குத்தான் கல்லூரிகள் இருக்கின்றன. பராசக்தி கல்லூரியிலும் சுரண்டையிலும் கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும் படிக்கும் பெண்களும் பையன்களும் இந்தப் படிவங்களையெல்லாம் ஓரிரண்டு ஆண்டுக்கு முன்புதான் நிரப்பியவர்கள், பெரும்பாலும் இதே ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் ஒருவருக்குப் பத்துப் பிள்ளைகள் என்று பொறுப்புக் கொடுத்து, மே முதல் ஆகஸ்ட்வரை அவர்களுக்கு உதவிப்படியும் கொடுத்து, அந்தப் பத்துப் பேரும் ஏதாவதொரு வகுப்பில் உட்காரும்வரை தொடரச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' என்ற திட்டம் இப்போதே உண்டு. ஆனால் யார் சேரவில்லை என்று தேடிப் போகும் நேரத்தில் நல்ல கல்லூரிகளின் இடங்கள் முடிந்திருக்கும். எந்தப் பிள்ளை இன்னும் ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை என்ற பட்டியல் மே மாதம் மூன்றாவது வாரத்திலேயே மாவட்ட ஆட்சியரின் மேசைக்கு வர வேண்டும், பள்ளி வாரியாக, தொலைபேசி எண்ணோடு. ஜூன் கலந்தாய்வுக்கு முன் அந்த வீட்டுக் கதவை யாராவது தட்டியிருக்க வேண்டும்.